விரல் நுனி அளவு

நார்வேயின் வடகோடி, வார்டோ.
நவம்பர் கடைசியில் சூரியன் கடையைக் கட்டிவிடும்.
இனி ஜனவரிதான்.
அதற்குள் என் முழங்கையும் முதுகும்
தங்கள் கடையைத் திறந்துவிடும்.

கறுப்பு ஸ்வெட்டர் நான் போடுவதில்லை.
படகில் ஒருமுறை கேப்டன் தோளைத் தட்டி,
"உனக்குள்ளேயும் பனி பெய்கிறதா, ஹால்வார்?" என்றார்.
சிரித்தேன்.
சிரித்தபடியே நகர்ந்து
எஞ்சின் அறைக் கதவின் கைப்பிடியில்
முதுகைத் தேய்த்தேன், கரடி மாதிரி.

தினவெடுத்த தோள் என்றால்
சண்டைக்கு அலைகிற தோள்.
என் தோளுக்குச் சண்டை என் நகங்களோடு.
சொறிகிற நிமிஷம் சொர்க்கம்.
அப்புறம் போர்வையில் ரத்தப் பொட்டுகள்,
விடிந்தால் படுக்கை முழுக்கச் செதில்.
முப்பது வருஷம் மீன் பிடித்தவன்
மீனாகிக்கொண்டிருக்கிறேனோ?

மருந்துக் கடையில் புதுப் பெண்.
சட்டையில் ரான்வைக் என்று பெயர்.
"ராத்திரி ஒரு வேளை. மெல்லிசாக.
ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து
முதல் ரேகை வரைக்கும் பிதுக்குங்கள்.
இரண்டு கையகல இடத்துக்கு அது போதும்."

கையுறையைக் கழற்றினேன்.
என் நுனியும் முதல் ரேகையும்
பதினோரு வருஷமாகக் கடலுக்கடியில்.
வின்ச் வாங்கிக்கொண்டது.

அவள் ஐயோ என்று சொல்லவில்லை.
தன் விரலை ட்யூப் பெட்டிமேல் கிடத்தி
நீலப் பேனாவால் சுற்றி வரைந்தாள்.
ரேகைக்கு நேரே ஒரு குறுக்குக் கோடு.
"இவ்வளவுதான்.
கூடப் போட்டால் அரிப்பு சீக்கிரம் போகாது,
தோல்தான் மெலியும்."

வீட்டுக் குளியலறையில்தான் உறைத்தது,
இன்னொரு கையில்
முழுசாக ஓர் ஆள்காட்டி இருக்கிறதென்று.
அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.
தனியாக நின்று சிரித்தேன், இந்த முறை நிஜமாகவே.
ஆனாலும் பெட்டியில் வைத்துத்தான் அளந்தேன்.

களிம்பு ஜில்லென்றிருந்தது, பிறகு எரிந்தது.
முதுகின் நடுவே எட்டாத ஓரிடம்.
அதற்குக் கேக் மாவு வழிக்கும் ரப்பர் கரண்டி.
பூசிவிட்டு, கையை அகட்டிக்கொண்டு
காயும்வரை நின்றேன்,
கழியில் தொங்கும் காட் மீன் போல.

இரண்டு ட்யூப் ஆயிற்று.
செதில் உதிர்ந்து சிவப்பு மட்டும் பாக்கி.
அடியோடு போகாது, தெரியும்.
அடுத்த நவம்பரில் வரும்,
கடன்காரனுக்கு வீடு மறக்காது.

முதல் பெட்டியை மட்டும் எறியவில்லை.

இன்று நண்பகல், தெற்கே கடல் விளிம்பில்
வெளிச்சம் கொஞ்சம் பிதுங்கியது.
நுனியிலிருந்து முதல் ரேகை வரை இருக்கும்.
கையில் தூண்டில் கயிறோடு பார்த்து நின்றேன்.
கேப்டன் கத்திய பிறகுதான் கவனித்தேன்,
காலையிலிருந்து நான் சொறியவே இல்லை.