சொட்டு விழும் இடம்

கானாடுகாத்தான் ஓட்டல்காரர்கள் படகை
டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள்.
காரைக்குடியில் பள்ளிக்கூடம் விட்ட நேரம்.
பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள், படகுக்கு.

கண்மாயில் தண்ணீர் நிற்கிற மூன்று மாதம்
விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றும்.
மீதி ஒன்பது மாதம் தார்ப்பாய்க்குள் தூக்கம்.
"ஆயில் ஒழுகுது" என்றான் டிரைவர் சேவுகன்.
"மூணு தடவை சீல் மாத்தியாச்சு.
மதுரையில ஒண்ணு, தொண்டியில ரெண்டு."
கழற்றிய சீல்களைப் பையில் போட்டு வைத்திருந்தான்,
பிடுங்கிய பல்லைப் பத்திரப்படுத்துகிறவன் மாதிரி.

நான் படகு பார்த்தவனில்லை.
லாரி, டிராக்டர், கரும்புச் சாறு பிழியும் மோட்டார், அவ்வளவுதான்.
மூடியைத் தூக்கினேன். உள்ளே
காரில் பார்த்த அதே ஆறு சிலிண்டர்.
கொஞ்சம் தைரியம் வந்தது.

முதலில் கழுவினேன்.
மண்ணெண்ணெய், பிரஷ், பழைய வேட்டி.
அடைக்கலம் ஓடிப்போய் முகப்பவுடர் வாங்கி வந்தான்,
மல்லிகை வாசனை.
கல்யாணத்துக்குப் போகிற மாதிரி
எஞ்சினுக்குப் பூசிவிட்டோம்.

தண்ணீர் குடிக்காமல் இது ஓடாது.
டிரம்மில் சம்பை ஊற்றுத் தண்ணீர்,
அதன் வாய்க்கு ஒரு குழாய்.
ஊரே குடம் வைத்துக் காத்திருக்கிற தண்ணீரைக்
குடித்துக் குடித்துப் பின்பக்கம் துப்பியது.
டீக்கடை மாணிக்கவல்லி வாய்விட்டே திட்டினாள்.

பத்து நிமிஷத்தில்
வெள்ளைப் பவுடரில் பழுப்பாய் ஒரு கோடு.
ஓடு உடைந்தது ஓரிடம், ஒழுகுவது ஓரிடம் என்பதால்
சொட்டை விட்டுவிட்டுக்
கோட்டைப் பிடித்து மேலே ஏறினேன்.
அது போய் நின்றது பின் சீலில்தான்.
மூன்று பேர் பார்த்த அதே இடம்.
அவர்களும் முட்டாள்கள் இல்லை.

நாலாவது சீலுக்குத் தயாரானேன்.
எஞ்சினை இறக்கச் சங்கிலிக் கப்பிகூட வந்தாயிற்று.
ஆயில் குறைந்திருக்குமே என்று
ஓடிக்கொண்டிருக்கையிலேயே மேல்மூடியைத் திருகினேன்.
மூடி கையை விட்டுத் துள்ளியது.
சூடாய் ஒரு பெருமூச்சு. முகமெல்லாம் ஆயில் தூறல்.

அடைக்கலம் கீழே குனிந்திருந்தான்.
"அண்ணே, நின்னிருச்சு."
"எது, எஞ்சினா?"
"சொட்டு."

மூடினேன். விழுந்தது.
திறந்தேன். நின்றது.
உடைசல் விலையில் வாங்கிப் பதித்த ஆத்தங்குடிக் கல்,
அதிலொரு பூவின் நடுவே
சொட்டுகள் கருப்பாய்ச் சேர்ந்திருந்தன.
மூடினேன். விழுந்தது.
சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆறு தடவை செய்து பார்த்தோம்.

மூச்சுக்குழாயைக் கழற்ற
இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.
சூரியனுக்கு நேரே பிடித்தேன். இருட்டு.
கம்பியால் குத்த, உதிர்ந்தது செம்மண்.
கண்மாய்க்கரை மண்ணை வாயால் குழைத்துக்
குளவி அறை அறையாய்க் கட்டிய வீடு.
உள்ளே பிள்ளைக்கென்று சேர்த்து வைத்த
பச்சைப் புழுக்கள், காய்ந்து.

மேலே விட முடியாத மூச்சை
எஞ்சின் கீழே விட்டிருக்கிறது, எண்ணெயோடு.
சேவுகன் பையைக் கவிழ்த்தான்.
மூன்று சீலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை.

புதுக் குழாய் போட்டேன். அதன் வாயில்
டீ வடிகட்டியின் வலையை வெட்டிக் கட்டினேன்
(மாணிக்கவல்லி அதற்கும் திட்டினாள்).
மறுபடி ஒரு டிரம் தண்ணீர், அரை மணி நேர ஓட்டம்.
அடியில் விரித்த செய்தித்தாளில்
ராசிபலன் தெளிவாய்ப் படிக்க முடிந்தது.
எனக்கு அலைச்சல் என்று போட்டிருந்தது.

பில் எழுதும்போதுதான் திணறிவிட்டேன்.
குழாய், வடிகட்டி, பவுடர், கூலி.
ஓட்டலில் கேட்பார்களே என்று
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
சீல் மாற்றவில்லை.

படகு போன மறுநாள்
பட்டறைக்குள் ஒரு குளவி வந்தது.
சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களை
ஒவ்வொன்றாய் மோந்து பார்த்து
பதினேழாம் நம்பர் பாக்ஸுக்குள் தலையை விட்டது.
நான் விரட்டவில்லை.
அது மண்ணெடுக்கப் போன நேரம் பார்த்து
அந்த ஸ்பானரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.