பிறேக் இல்லாதவர்களின் பதிவேடு

வவுனிக்குளம் வற்றி
சேறு பாளம்பாளமாய் வெடிக்கிற ஆவணியில்தான்
எங்கள் கிளப்புக்கு நிலம் கிடைக்கும்.
குளத்தின் வயிற்றில் முட்டை வடிவாய் ஓர் ஓட்டப்பாதை.
உள்வளைவுக்கு, கண்ணிவெடி கிளறியவர்கள்
விட்டுப்போன வெள்ளைத் தடிகள்.
தொடக்கக் கோட்டுக்கு மீன்வலைக் கயிறு.

நாலு பேர். நாலு சுற்று.
இடப்பக்கம் மட்டுமே திரும்பலாம்.
பிறேக்கைக் கழற்றிவிட வேண்டும், அதுதான் சட்டம்.
முதல் ஆளுக்கு மூன்று, அடுத்த ஆளுக்கு இரண்டு,
பிறகு ஒன்று, கடைசிக்கு முட்டை.
எழுதுகிறவள் நான்.
மல்லாவிச் சங்கக்கடையில் பருப்பு நிறுக்கிற கையால்
புள்ளி நிறுக்கிறேன்.

ஆளுக்கொரு வரி:
பெயர், வந்த வருசம், ஓடிய ஓட்டம், எடுத்த புள்ளி,
விட்ட காரணம்.

வாகீசன். மூன்று பருவம், நூற்றிப் பதினொரு புள்ளி.
காரணம்: லீசிங்.
அவன் முன்னால் போய்க்கொண்டிருந்த ஓட்டத்தின் நடுவில்
குளக்கட்டில் வந்து நின்றது கொம்பனிக்காரரின் வான்.
கொடி விழும்வரை பொறுத்தார்கள், அந்தளவு மரியாதை.
பிறகு சூடாறாத பைக்கை ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மூன்று புள்ளியை நான் போட்டேன்.
வண்டி யாருடையதென்று கேட்க
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அன்ரன் ஜெறோம். ஒரேயொரு ஓட்டம், முட்டை.
காரணம்: அம்மா பார்த்துவிட்டா.

துளசிகரன்.
முழங்காலுக்குக் கீழே இடக்கால் பிளாஸ்ரிக்.
வளைவில் இடக்காலை நிலத்தில் இழுக்க
எல்லோரும் சப்பாத்தில் இரும்புத் தகடு கட்டுவார்கள்.
அவன் காலிலேயே ஆணி அடித்துவிட்டான்.
"நோகாத கால், இது அநியாயம்" என்று
எழுத்தில் முறைப்பாடு வந்தது, மூன்று கையொப்பத்தோடு.
கூட்டம் போட்டோம். தேத்தண்ணி ஆறியது.
அவன்தான் எழும்பினான்:
"சரி, வேணுமெண்டா நீங்களும் ஒண்டு எடுங்கோவன்."
சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல்
தலைவர் கூட்டத்தை முடித்தார்.
ஐந்து பருவம், முன்னூற்று நாலு.
காரணத்துக்கு நேரே இன்னும் வெறும் கட்டம்.

மதுரகன். காரணம்: லண்டன்.
அங்கே பெற்றோல் செட்டில் இரவுவேலை.
ஒரு சனிக்கிழமை அசல் மைதானத்துக்குப் போனானாம்.
குரல்பதிவு அனுப்பினான், பின்னால் எஞ்சின்கள் இரைந்தன:
"இஞ்சையும் இடப்பக்கம்தான் திரும்பிறாங்கள்.
இஞ்சையும் மண்தான்.
ஒவ்வொரு நாலு ஓட்டத்துக்கும் டிரக்ரர் வந்து
பிள்ளைக்குப் பவுடர் பூசுற மாதிரித் தடவிவிடுது.
அம்புலன்ஸ் எஞ்சினை நிப்பாட்டாமல் நிக்குது.
முன்னுக்கு வந்தவன் பகலில கூரை மேயிறவனாம்.
பதினேழு வருசம், ஒரே கிளப், நாலு தரம் தோள்மூட்டு.
அவன்ர கணக்கையும் ஆரோ எழுதி வைச்சிருக்கினம்,
உன்னை மாதிரி ஒரு விசர்."

எங்களுக்கு அம்புலன்ஸ் நகுலேசின் லாண்ட்மாஸ்டர்.
அதற்குப் பிறேக் இருக்கிறது. பிடிக்காது.

தர்மினி. இரண்டு பருவம், எழுபத்தாறு.
காரணம் கேட்டேன்.
"எழுதாதை" என்றாள், தலைக்கவசத்தை என்னிடம் தந்துவிட்டு.
பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
என்னவென்று சொல்லமாட்டேன்.

ஐப்பசியில் முதல் வளைவு முதலில் தாழ்ந்தது.
பிறகு வெள்ளைத் தடிகள், ஒவ்வொன்றாய்.
இப்போது தொடக்கக் கோட்டின்மேல் தோணி போகிறது,
வலப்பக்கமும் திரும்புகிறது, எந்தச் சட்டமும் இல்லாமல்.

போன கிழமை வலையில்
யப்பான் மீன்களோடு ஓர் இரும்புத் தகடு வந்தது,
ஒரு கரை தேய்ந்து கத்தியாய்.
சங்கக்கடைத் தராசில் வைத்தேன்.
அறுநூற்று இருபது கிராம்.
யாருடையதென்று பதிவேட்டைப் புரட்டினேன்.
எல்லாம் இருக்கிறது,
யார் எந்த மழைக்கு முன் விழுந்தார்கள் என்பதுகூட.
கால் அளவுக்கு ஒரு கட்டம் போட
எனக்குத் தோன்றவேயில்லை.

"என்ன பிள்ளை,
இரும்புக்கும் விலை போடுவியளோ?"
என்றார் மீன்காரர்,
ஈரக் கையோடு காத்துநின்று.