அடையாளம்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு
மூன்று முறை கூப்பிட்டார்கள்,
'அடையாளம் காட்ட வாங்கம்மா.'
கூட்டப்புளியிலிருந்து வள்ளியூர் போய், பஸ் மாறி
மூன்று முறையும் போனேன்.
துணியை விலக்கினார் ஒருவர்.
கடல் ஊறவைத்த ஆண்கள்.
ஒருவனுக்குக் காலில் ஆறு விரல்.
ஒருவன் கையில் பச்சை குத்திய
ஏதோ ஒரு மலையாளப் பெயர்.
மூன்றாவது ஆளை வெகுநேரம் பார்த்தேன்,
அவராக இருந்துவிடட்டும் என்று.
'இல்லை' என்றேன்.
மூன்று முறை இல்லை.
கோழி எதுவும் கூவவில்லை.

மூன்று மாதம் பொறுத்துப் பெட்டி செய்தோம்.
உள்ளே அவருடைய நீலச் சாரம்,
இஞ்சின் ஆயில் கறை போகாத சட்டை,
புதுநன்மை அன்று எடுத்த படம்.
தூக்கிய நாலு பேரும்
கனம் இருப்பதுபோல் நடந்தார்கள்.
சந்தியாகு பர்னாந்து என்று சிலுவையில் எழுதி
ஒரு சட்டையை அடக்கம் செய்தோம்.

அதன்பிறகு பூசைக்குப் போனேன்,
நன்மைக்குப் போகவில்லை.
வரிசை எழும்போது முழங்காலிலேயே இருப்பேன்.
சாமியார் ஒவ்வொருவரிடமும் சொல்வது
கடைசித் தூண் வரை எட்டும்:
'கிறிஸ்துவின் உடல்.'
'கிறிஸ்துவின் உடல்.'
எனக்குக் கிடைக்காத ஒரு சொல்லை
ஊருக்கெல்லாம் பங்கு வைத்தால்
நான் எங்கே பார்ப்பது?

தம்பி ஸ்தனிஸ்லாஸ் வேறு சபைக்குப் போகிறவன்.
நல்லவன். என் பிள்ளைகளுக்குப்
பள்ளிக்கூடப் பணம் கட்டுகிறவன்.
'அக்கா, அது வெறும் அப்பந்தான்.
நினைவுக்கு ஒரு அடையாளம்.
அதுக்குப் போய் ஏன் இப்படி அழுது...'
நான் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
'எலேய், அடையாளம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.
கல்லறைத் தோட்டத்துல கிடக்கு.
ராத்திரி போய்க் கூப்பிட்டுப் பாரு,
சட்டை என்னன்னு கேக்குதான்னு.'
சொன்னபிறகுதான் எனக்கே கேட்டது.
அடையாளம் போதும் என்றால்
நான் எதற்கு மூன்று முறை பஸ் ஏறினேன்?

இன்னொன்றும் உண்டு,
ஊர் என் முன்னால் சொல்லாதது.
மீன் தின்றிருக்கும்.
அன்றிலிருந்து
விற்பேன், பிளப்பேன், உப்புப் போடுவேன்,
வாயில் வைக்கமாட்டேன்.
தின்னப்பட்ட உடல் இனி உடலே இல்லை என்று
யாரோ தீர்ப்புச் சொன்னதுபோல் இருந்தேன்.
பிட்டாலும் ஒவ்வொரு துண்டிலும் முழுசாக இருக்கிறார்:
ஞானோபதேச வகுப்பில்
அடிக்குப் பயந்து மனப்பாடம் செய்த வரி
முப்பது வருஷம் கழித்து
நடுராத்திரியில் என்னை எழுப்பி உட்காரவைத்தது.
தின்னக் கொடுத்தவர்.
கொடுத்தும் குறையாதவர்.

திருநாள் இல்லை, ஞாயிறு இல்லை,
கரண்ட் போன ஒரு வியாழக்கிழமை.
பேழைப் பக்கத்துச் சிவப்பு பல்பும் அணைந்திருந்தது.
அணைந்தால் அவர் எழுந்து போய்விடுவாரா என்ன.
நான் எழுந்து போய் நின்றேன்.
'கிறிஸ்துவின் உடல்.'
வாய் வரவில்லை.
பின்னால் பிரகாசி இருமினாள்.
சாமியார் சின்ன வயசு. அவசரப்படாமல்
அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்,
பிணவறைக்காரர் துணியைப் பிடித்து நின்றதுபோல,
நான் சொல்கிறவரை.
பார்த்தேன்.
வெள்ளை. வட்டம். முகம் இல்லை.
ஆறாவது விரல் இல்லை, பச்சை குத்தவில்லை,
இவர்தான் என்று காட்ட
ஒன்றுமே இல்லை.

'ஆமென்' என்றேன்.

மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
கடிக்கவில்லை.
எங்கள் ஊரில் கிணறு உப்பு, காற்று உப்பு,
தலையணை உப்பு.
அது கரையும் வரைக்கும்
நாக்கில் உப்பே இல்லாமல்
முழங்காலில் இருந்தேன்.