ஐம்பத்தேழு சென்ரிமீற்றர்

சம்பளம் வந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை,
புறக்கோட்டையில் தொப்பி தேடுகிறேன்.

பெண்களுக்கு என்று கேட்டால்
ரிப்பன் கட்டியதை நீட்டுகிறார்கள்.
ஒன்றில் பிளாஸ்டிக் செரிப்பழம்.
உகந்தையிலிருந்து காட்டு வழி, ஐந்து நாள்
என்று சொல்ல வாய் வரவில்லை.
"வெய்யிலுக்கு" என்றேன்.
"எல்லாத் தொப்பியும் வெய்யிலுக்குத்தான், மிஸ்."

போன வருடம் நடந்தவள் மனோரஞ்சிதம்,
எங்கள் கப்பல் கம்பனியில் சுங்கப் பத்திரம் அடிக்கிறவள்.
கிரிக்கெட் தொப்பியோடு போனாள்.
கண்ணுக்கு மட்டும் கூரை.
திரும்பி வந்து இரண்டு கிழமை
காதுத் தோல் உரிந்து கீபோட்டில் விழுந்தது.
"எல்லாரும் காலைத்தான் கவனிப்பார்கள், நீ கழுத்தைப் பார்.
கால் கொப்பளித்தால் நாலு பேர் விசாரிப்பார்கள்.
பிடரி வெந்தால் உனக்கே தெரியாது,
இரவு மணலில் சாயும்வரை."

நைலோன் போட்டுப் பார்த்தேன், தலைக்குள் இட்லி அவியும்.
வைக்கோல் அழகு,
குமுக்கன் ஆற்றில் ஒருதரம் நனைந்தால் அப்பளம்.
கடும்பச்சைத் துணியில் ஒன்று, அகல விளிம்பு,
எனக்கென்றே தைத்தது மாதிரிப் பொருந்தியது.
கண்ணாடியைப் பார்த்தேன்.
சோதனைச்சாவடியில் என் பையைக் கொட்டியவளின் முகம்.
கழற்றி வைத்தேன்.
கடைக்காரப் பெடியன் ஏன் என்று கேட்கவில்லை.
அவனுக்கு வயது இருபது இருக்கும்.

இரண்டாம் குறுக்குத் தெருவில் ஃபாஹிம் நானா
முதலில் கேட்டார், "தலை அளவென்ன?"
நாற்பத்தொன்பது வயது எனக்கு.
சட்டை அளவு தெரியும், செருப்பு அளவு தெரியும்,
மோதிர விரலின் அளவு ஒருகாலம் தெரிந்திருந்தது.
தலையை யாரும் கேட்டதில்லை.
நாடாவின் நுனியை என்னையே பிடிக்கச் சொல்லி
தொடாமல் சுற்றினார்.
ஐம்பத்தேழு.
ஏனோ சந்தோசமாய் இருந்தது,
பரீட்சையில் கூடுதலாய் வாங்கியது போல.

ஆனால் கொண்டை.
என் உச்சிக் கொண்டைமேல் எந்தத் தொப்பியும்
கவிழ்த்த சட்டி மாதிரி ஆடியது.
"கொண்டையா தொப்பியா, ஒண்ட முடிவெடுங்க மிஸ்."
பெல்ட்டுகள் தொங்கும் கம்பிக்குக் கீழே நின்று
கிளிப்புகளை வாயில் கடித்தபடி அவிழ்த்தேன்.
முப்பது வருடம் உச்சியில் இருந்ததை
பிடரிக்கு இறக்கி முடிந்தேன்.
காக்கித் தொப்பி இறங்கி உட்கார்ந்தது.
பிடரிக்குக் கொண்டையே நிழல், காசில்லாமல்.
மனோரஞ்சிதத்திடம் சொல்லவேண்டும்.
அவள் முடி கட்டை, உதவாது.

ஆயிரத்தெண்ணூற்றைம்பது. நான் ஆயிரத்து நாநூறு என்றேன்.
எங்கே போவதற்கு என்று கேட்டார். சொன்னேன்.
"நடந்தா? அங்க எங்கட பள்ளியும் இருக்குதானே."
விலை ஒரு ரூபாயும் இறங்கவில்லை.
ஆனால் தாடைக்குக் கட்ட ஒரு கறுப்பு நாடாவைத்
தானே கோத்துத் தந்தார்.
இருபது ரூபாய்க் குற்றியும் ஒன்று, பள்ளி உண்டியலுக்கு.
உள்பட்டித் தையலுக்குள் அதைச் செருகினேன்.
என்ன நேர்த்தி என்று அவர் கேட்கவில்லை.
அதற்காகவே பேரத்தை விட்டேன்.

காலிமுகத்திடலில் இறங்கிக்
காற்றுக்கு முகம் கொடுத்தேன்.
நாடாவைக் கட்டாமல் முதல் சோதனை.
பறந்தது.
பட்டம் விற்கும் பையன் ஓடிப் பிடித்து வந்து
சிங்களத்தில் சொன்னான்,
நூலில்லாமல் விட்டால் போகும்தானே அக்கா,
தொழில் தெரிந்தவன் குரலில்.

கட்டிக்கொண்டு நாலு தரம் நடந்தேன்,
கொடிக்கம்பத்திலிருந்து ஹோட்டல்வரை, ஹோட்டலிலிருந்து கொடிக்கம்பம்வரை.
நிழல் நாடியோடு நின்றுவிடுகிறது.
தோளுக்கு எதுவும் இல்லை.
தோளுக்குத் துவாய்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும்.
இரண்டு கையையும் உச்சிக்கு மேல் குவித்தேன்.
முழங்கை விளிம்பில் இடிக்க
தொப்பி பின்னால் சரிந்து முதுகில் தொங்கியது.
சரி. சந்நிதியில் அது தானாகவே கழன்றுகொள்ளும்.

இறால் வடைக்காரி கரண்டியை எண்ணெயில் வைத்தபடி
திரும்பிக் கடலைப் பார்த்தாள்,
நான் எதைக் கும்பிடுகிறேன் என்று.