பை மட்டும் போனது

டிசம்பர் பதினைந்து. அபர்டீனில்
மூன்றரை மணிக்கெல்லாம்
வெளிச்சம் கடையைக் கட்டிவிடும்.
நான் மாணவர் விடுதிக் காவலாளி.
அந்த வாரம் மட்டும் ஓட்டுநர், சுமைகூலி,
பட்டியலில் டிக் அடிக்கிறவன்.

இறகுப்பந்து ஆடும் கூடத்தில்
வெள்ளைக் கோடுகளை மறித்து மேசைகள்.
தொண்டைக்குள் குச்சி,
பிறகு அதே குச்சி மூக்குக்குள்.
நீர் முட்டிய கண்ணோடு
தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள் பிள்ளைகள்.
ஒற்றைக் கோடு என்றால் வீடு.
இரட்டைக் கோடு என்றால்
இருந்த இடத்திலேயே இரு.

மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு முறை.
முதல் முறை ஆறு பேருக்கும் ஒற்றை.

ஆறு பேரும் ஷெட்லாந்துத் தீவுக்காரர்கள்,
ஆளுக்கொரு மாடியில் இருந்தவர்கள்.
ஏழு மணிக்குப் படகு.
இரவெல்லாம் வட கடலில் உருண்டு
விடியாத காலையில் லெர்விக்கில் இறங்க வேண்டும்.
வேனில் பதினாறு இருக்கை;
பத்துக்கு மஞ்சள் நாடாவால்
நானே பெருக்கல் குறி போட்டிருந்தேன்.
ஜன்னலை மூடக்கூடாது என்று உத்தரவு.
கம்பளித் தொப்பிக்கும் கவசத்துக்கும் நடுவே
மூக்கில்லாமல் முழி மட்டும் வந்து ஏறின.
எர்லெண்டை அவன் செருப்பை வைத்துத்தான்
அடையாளம் கண்டேன்.
அந்தக் குளிரிலும் செருப்பு.

ஓஸ்லா மொவாட் பையை முதலில் ஏற்றினாள்.
பையா அது, கன்றுக்குட்டி.
"உள்ளே என்னம்மா?"
"மூணு மாச அழுக்கு.
துவைக்கிற அறைக்குள்ள
ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தானே.
என் முறை வரவே இல்ல."

ஒரு கால் படியில் இருக்கும்போது
போன் சிணுங்கியது.
வரிசையில் கடைசியாய்ச் சோதித்துக்கொண்டவள்;
முடிவும் கடைசியாய் வந்தது.
படித்தாள்.
படியில் இருந்த காலை
கீழே எடுத்து வைத்தாள்.

வேனுக்குள் யாரும் பேசவில்லை.
நேற்று யார் பக்கத்தில் நின்றோம்,
யாருடைய பேனாவை வாங்கினோம் என்று
ஐந்து பேரும் மனசுக்குள் கணக்குப் போட்டது
எனக்கே கேட்டது.
கிர்ஸ்டி அழுதாள்.
யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

"பையை இறக்கட்டுமா?"
"வேண்டாம்," என்றாள் ஓஸ்லா,
ஏற்கெனவே ஆறடி பின்னால் போயிருந்தாள்,
"அதாவது போகட்டும்."

துறைமுகத்தில் ஒருவன் எண்ணினான்:
ஆள் ஐந்து, பை ஆறு.
"ஆறாவது யாருடையது?"
"என்னுடையது," என்றான் எர்லெண்ட்,
தன் பையைத் தோளில் மாட்டியபடியே.
துறைமுகத்துக்காரன் அந்தச் செருப்பைப் பார்த்தான்.
விட்டுவிட்டான்.

மற்றதெல்லாம் கதவுக்கு அப்பாலிருந்து
அவள் சொல்லிக் கேட்டது.
சாப்பாட்டுத் தட்டை வைத்து, தட்டி,
எட்டு அடி நான் பின்வாங்கும் நேரத்தில் பேசுவாள்.
அப்பா வில்பர்ட் அன்ஸ்ட் தீவிலிருந்து
இரண்டு படகு மாறி வந்தாராம்.
எர்லெண்ட் தரையில் வைத்துவிட்டு நகர,
அவர் குனிந்து எடுத்தாராம்.
"ரொம்ப கனம்" என்றாராம், அவ்வளவுதான்.
வீட்டுக்குள் விடாமல்
மூன்று நாள் அதைக்
கொட்டகையில் தனியே கிடத்தினார்களாம்.
"என் பைக்கும் க்வாரண்டீன்" என்று
கதவுக்குப் பின்னால் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஐந்தாம் நாள், நான் முற்றத்தில்
பனிக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் மாடி ஜன்னலைத் தட்டும் சத்தம்.
போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு
ஏதோ கத்தினாள்.
அம்மா அனுப்பிய படமாம்.
துவைத்துக் கொடியில் போட்ட ஸ்வெட்டர்கள்,
ஏழோ எட்டோ,
கடல் காற்றில் எல்லாக் கைகளையும்
தூக்கிக்கொண்டு நிற்கிறதாம்.

கீழே இருந்த எனக்குத் தெரிந்தது
உள்ளங்கை அளவு வெளிச்சம் ஒன்று.
நன்றாக இருக்கிறது என்று
கட்டை விரலைக் காட்டினேன்.
அவள் போனை எடுக்கவில்லை,
நான் இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.
உப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.