பதினாறு நாள்

முப்பத்தெட்டாயிரம். பேரம் முடிந்தது.
மண்டபம் வடக்குக் கரையில், வலைக்கொட்டகை ஓரம்
நம்பர் பிளேட் தொங்கும் மாருதி எண்ணூறு.
கோவையில் எட்டு மணி நேர ஓட்டம்.

பின்சீட்டு, கம்பளம், ரேடியோ
எல்லாம் வெளியே.
எடை குறையணும் என்கிறான் ஜகுபர்.
தரைத்தகட்டைத் தட்டினால்
பொருக்குப் பொருக்காய்த் துரு.
உப்புக்காற்று நமக்கு முந்தியே
வேலையைத் தொடங்கியிருக்கிறது.

வள்ளங்களுக்கு பைபர் ஒட்டும் ஜெனோவா
ஓட்டைகளை அடைத்தாள்.
கூலி எவ்வளவு?
"மூணாவது மணி நேரம் நான் ஓட்டணும்."

ஹெல்மெட் ஒன்றுதான்.
அவள் கொண்டை உள்ளே போகவில்லை.

மறுநாள்
ரேடியேட்டர் குழாயோடு மல்லுக்கட்டும்போது
மொட்டைத்தலையோடு வந்து நின்றாள்.
வீட்டில் வேளாங்கண்ணி நேர்ச்சை என்று
சொல்லியிருக்கிறாளாம்.

ஜகுபர் சாவியைத் திருப்பினான்.
இருமியது, பிடித்தது.
அதிர்ந்த கதவிடுக்கிலிருந்து
இன்னும் மணல்.