கறுப்புக் கம்பி

மூன்று பிளக் மாற்றிவிட்டேன் என்றார் உர்போ,
பனித்தள்ளியைச் சறுக்குவண்டியில் ஏற்றி
தானே நாயாகி இழுத்துவந்து.
காயிலும் புதுசு, ரோவனியெமியிலிருந்து வரவழைத்தது.
ரசீதைக் காட்டினார்.
எந்த எஞ்சினும் ரசீது படிப்பதில்லை.

சூரியன் விடுப்பில் போன மூன்றாம் வாரம்.
இனாரியில் மதியம் ஒரு மணிக்கு
சிலிண்டர் தீரும் அடுப்புபோல
வானம் நீலமாய் நடுங்கி அணைந்துவிடும்.
மற்ற ஊர்களில் பொறி பார்க்க
கதவைச் சாத்தி, கையால் மறைத்து,
கண்ணைச் சுருக்க வேண்டும்.
இங்கே இருட்டு இலவசம்.

பிளக்கைக் கழற்றினேன். நனைந்திருந்தது.
பெட்ரோல் வருகிறது, எரிக்கத்தான் ஆளில்லை.
துடைத்து, தொப்பிக்குள் செருகி,
அதன் உலோக உடம்பை
சிலிண்டரின் செதிலோடு அழுத்திப் பிடித்தேன்,
பிளக் இருந்த ஓட்டையை விட்டு நன்றாகத் தள்ளி.
அந்த ஓட்டை விடும் மூச்சில் பெட்ரோல் உண்டு.
என் இடது புருவம்
இரண்டாவது தடவை முளைத்தது.

ரப்பர் பிடி போட்ட குறடு என் கையில்,
கயிறு உர்போ கையில்.
விளக்கை அணைத்தேன்.
இழுங்க.
சர்ரக்.
இருட்டு இருந்தபடியே இருந்தது.
சர்ரக். சர்ரக்.
பொறிக்குள் பொறி இல்லை என்றேன்.
அதைத்தானே நானும் சொன்னேன் என்றார் இருட்டு.

காயிலுக்கும் சுழல்சக்கரத்துக்கும் நடுவே
ஒரு விசிட்டிங் கார்டு நுழையவேண்டும்.
என்னிடம் இருந்தது பல் டாக்டருடையது.
நுழைந்தது.

அதுவரை மண்வெட்டியா, என்று பேச்சுக்குக் கேட்டேன்.
என் வாசல் மட்டும், என்றார்.
ரைலி வாசல்?
ஏணி, என்றார்.
நாலு வருஷமாக அந்த ஒரு சொல்தான்
இரண்டு வீட்டுக்கும் நடுவே சாத்தியிருக்கிறது.

காயிலிலிருந்து சாவிக்குப் போகும்
ஒல்லியான கறுப்புக் கம்பி ஒன்று உண்டு.
அதற்கு ஒரே வேலை, நிறுத்து என்பது.
எஞ்சின் உடம்பைத் தொட்டால் சொல்லிவிட்டதாக அர்த்தம்,
தொடாதவரை பேச்சில்லை.
மேல்மூடியைத் திறந்தால் எலிக்கூடு:
பாசி, சிவப்புக் கம்பளி நூல்,
ஒரு லாட்டரிச் சீட்டின் மூலை.
கம்பியின் தோலை இரண்டு விரற்கடை
உரித்துத் தின்றிருந்தது.
வெறும் செம்பு உடம்பில் சாய்ந்தபடி
யாரும் சாவியைத் தொடாமலே, வேனிலிலிருந்து,
நிறுத்து நிறுத்து நிறுத்து.

பிடுங்கிவிட்டேன்.
விளக்கு. இழுங்க.

டிக்.

தடித்த நீலம்.
ஒரு கணம் உர்போவின் கன்னம் தெரிந்தது,
சவரம் செய்யாத கன்னம்.
இன்னொரு தரம், என்றார்.
தேவையே இல்லை. நாலு தரம் இழுத்தார்.

நாளைக்குப் புதுக் கம்பி போடுகிறேன்,
அதுவரை சாவியைத் திருப்பினாலும் நிற்காது
என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
பிளக்கை முறுக்கிக் கிளப்பிப் போய்விட்டார்.

என் ஜன்னலிலிருந்து தெரிகிறது.
அவர் வாசல் முடிந்தது. கார் பாதை முடிந்தது.
தபால்பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம்,
விறகுக் கொட்டகையைச் சுற்றி இரண்டு.
நின்று சாவியைத் திருப்பிப் பார்க்கிறார்.
பிடுங்கிப் பார்க்கிறார். குனிந்து திட்டுகிறார்.
டாங்கில் இன்னும் பாதி இருக்கும்.
இந்தப் பக்கம் பனி தீர்ந்துவிட்டது,
அந்தப் பக்கம் இடுப்பளவு.

ரைலி சமையலறையில் விளக்கு எரிகிறது.
கோட்டுக்குள் ஒரு கையை மட்டும் விட்டபடி
வெளியே வந்து ஏதோ கத்துகிறாள்.
அவர் சாவியை உயர்த்திக் காட்டுகிறார்,
கையில் சாவி, காலடியில் உறுமல்.
அவள் விளக்குமாற்றால்
சவுனாவுக்குப் போகும் பாதையைக் காட்டுகிறாள்.

சோக்கை முழுசாக இழுத்தால் நின்றுவிடும்.
சாலையைக் கடந்துபோய்ச் சொல்லலாம்தான்.
கிரீஸ் போக
கை கழுவிக்கொண்டிருக்கிறேன்.
நகக்கண் ஒவ்வொன்றாக.